யார் மடியில்

குடித்து முடித்த பால் புட்டி இன்னும் அம்மாவின் கையில்தான் இருந்தது. அதில் ஒரு சொட்டு மிச்சமில்லை. அப்படியிருந்தும், எதிரே பாயில் உட்கார்ந்திருந்த கடுகு தன் குட்டி முஷ்டியை மூடித் திறந்து, மூடித் திறந்து, மறுபடியும் பால் கேட்டது.

கடுகு என்பது ஒன்பது மாதக் குழந்தைக்கு அதன் அப்பா வைத்த செல்லப்பெயர். அளவில் சிறிசு, காரத்தில் பெரிசு என்று அவன் கப்பலேறிப் போகிற அன்று வைத்துவிட்டுப் போனது. முஷ்டியை மூடித் திறந்தால் பால். விரல்நுனிகளைச் சேர்த்தால் இன்னும் வேண்டும். இரண்டு கையையும் விரித்துத் திருப்பினால் போதும். வாய் திறந்து பேச நாளிருக்கிறது என்றாலும் கையால் கடுகு நன்றாகவே வாயாடும்.

"வயித்துல என்ன ஓட்டையா உனக்கு?" என்றாள் அவள்.

கடுகு சிரிக்கவில்லை. வலது கையைத் தூக்கித் தன் தோளுக்கு மேலாக, பிடரிக்குப் பின்னால் இருந்த வெறுங்காற்றை இரண்டு முறை தட்டியது. பிறகு மறுபடி முஷ்டி. இப்படி ஒரு சைகையை அவள் சொல்லிக்கொடுத்ததே இல்லை. வேர்க்குருவோ என்னவோ என்று சட்டைக் கழுத்தை விலக்கிப் பார்த்தாள். தோல் சுத்தமாக இருந்தது. ஆனால் முதுகு முழுக்க, நெடுநேரம் யாரோ படுத்தெழுந்த தலையணைபோல் கதகதப்பாக இருந்தது. விளையாடட்டும் என்று காலிப் புட்டியைக் கொடுத்தாள். கடுகு அதை வாங்கி, வாயில் வைக்காமல், தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, அங்கே வாங்கிக்கொள்ள ஆள் இருப்பதுபோல் பொறுமையாகக் காத்திருந்தது.

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு, ஒரு இருமல் விடாமல் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். காதில் ஹெட்போன், காலடியில் பெடல். மிதித்தால் சாட்சி பேசுவார், காலை எடுத்தால் நின்றுவிடுவார். ஊரார் சண்டையெல்லாம் காதுக்குள் முழங்க, சொந்தப் பிள்ளையின் அழுகை மட்டும் கேட்காது. ஐந்தாவது மாதத்தில் ஒருநாள் எதேச்சையாகத் திரும்பியபோது கடுகு அழுது அழுது உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அந்தக் கேள்வி இன்றுவரை அவள் நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் சைகை வகுப்பில் சேர்ந்தாள். கை அசைந்தால் ஓரக்கண்ணில் தெரியுமே, ஹெட்போனைக் கழற்ற வேண்டியதில்லையே என்றுதான். நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு சொல்வாங்க. உங்க பிள்ளை மேனேஜர் மாதிரி கையாலயே ஆர்டர் போடுது அண்ணி!" என்றாள். சிரித்தால் சிரிக்கட்டும். பாடம் அவ்வளவு நன்றாகப் பலித்தது. இரண்டு மாதமாகக் கடுகு அழவே இல்லை. பசித்தால் கை, தூக்கம் வந்தால் கை. விழுந்து நெற்றி புடைத்தபோதும் சத்தமில்லாமல் கையை ஆட்டிக் காட்டியது. அதைப் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வகுப்பு. சைகை டீச்சரின் அப்பா அம்மா இருவருக்குமே காது கேட்காது. அதனால் டீச்சர் பேசப் பழகும் முன்பே கையால் பேசப் பழகியவர். எட்டுக் குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்த அந்த அறையில், டீச்சர் கடுகின் முன்னால் மட்டும் நின்றுவிட்டார்.

"இவளுக்கு வீட்ல யார் சொல்லித் தர்றாங்க?"

"நான்தான் டீச்சர். வேற யாரு இருக்காங்க?"

"எதிர்ல உட்கார்ந்தா?"

"ஆமா."

டீச்சர் பக்கத்துக் குழந்தைக்கு டாட்டா காட்டினார். அதுவும் காட்டியது, உள்ளங்கையைத் தன் முகத்துக்கே திருப்பிக்கொண்டு. "பாருங்க. எதிர்ல இருக்கறவங்க உள்ளங்கைதானே அதுக்குத் தெரியுது? அதனால தனக்குத்தானே டாட்டா சொல்லிக்கும். எல்லாக் குழந்தையும் அப்படித்தான். உங்க பொண்ணும் போன மாசம் அப்படித்தான் காட்டினா." பிறகு கடுகுக்குக் காட்டினார். கடுகின் உள்ளங்கை வெளிப்பக்கம் பார்த்து, பெரியவர்களின் கைபோல் பிசகில்லாமல் அசைந்தது.

"இந்தத் திருத்தம் எதிர்ல உட்கார்ந்து சொல்லிக் குடுத்து வராது," என்றார் டீச்சர். "மடியில வெச்சு, பின்னாலிருந்து ரெண்டு கையையும் பிடிச்சு ஆட்டிக் காட்டினாதான் வரும். அதுவும் தினமும், மணிக்கணக்கா. யாரோ ரொம்பப் பொறுமையான ஆளு."

நாத்தனாராக இருக்கும் என்று சொல்லி அவள் சிரித்துவைத்தாள். நாத்தனாருக்கு மருந்துக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பத்து நிமிடம் கொஞ்சிவிட்டுப் போகிறவள். வீடு வந்து சேரும்வரை கடுகின் முதுகைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் வெளியே இருட்டே இல்லை. பட்டப்பகல்.

மதியம் கடுகை வழக்கமான இடத்தில், அறையின் நடுவில் பாயில் உட்காரவைத்துவிட்டு மேசைக்கு வந்தாள். ஹெட்போனை மாட்டினாள், ஆனால் பெடலை மிதிக்கவில்லை. காதுக்குள் பஞ்சடைத்த மாதிரியான அமைதி. அதற்கப்பால் மின்விசிறியின் கரகரப்பு, பக்கத்து வீட்டில் தண்ணீர்த்தொட்டி நிரம்புகிற ஓசை. விசைப்பலகையில் விரல்களைச் சும்மா ஓடவிட்டபடி, தலையைத் திருப்பாமல், ஓரக்கண்ணால் பார்த்தாள்.

கடுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

சுவர் நான்கு முழம் தள்ளி இருந்தது. தலையணை கிடையாது. எந்தக் குழந்தையும் மல்லாந்து விழுந்துவிடும் சாய்வில், கால்களை நீட்டி, தலையைப் பின்னால் சொகுசாக வைத்துக்கொண்டு, கடுகு காற்றின் மேல் சாய்ந்திருந்தது. சட்டையின் முதுகுத் துணி தட்டையாக அமுங்கியிருந்தது. பிறகு அதன் இரண்டு கைகளும் மேலெழுந்தன. தானாக எழுகிற கைகள் அப்படி எழாது. மணிக்கட்டுகள் முதலில் வந்தன, விரல்கள் தொங்கிக்கொண்டு பின்னால் வந்தன. கொழுகொழு மணிக்கட்டில் சதை அமுங்கியிருந்தது. நாலு பள்ளம் ஒரு பக்கம். ஒரு பள்ளம் மறுபக்கம்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிக் கடுகை வாரி எடுத்தாள். கடுகு அழவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. ஒரு சிணுங்கல்கூட இல்லை. செருப்புப் போடாமல், கதவைப் பூட்டாமல், படியிறங்கித் தெருவுக்கு ஓடினாள். வெயில். சைக்கிள் மணி. பழவண்டிக்காரர் "பாத்தும்மா, பாத்து!" என்றார். இத்தனை பேர் நடுவில் என்ன வந்துவிடும் என்று மூச்சு வாங்க நின்றபோதுதான் இடுப்பில் அதை உணர்ந்தாள். கடுகு கனக்கவில்லை. ஏழரைக் கிலோ குழந்தை பாதிகூட இல்லை. மீதிப் பாரத்தை வேறு யாரோ அந்தப் பக்கமிருந்து தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியென்றால் வீட்டில் எதுவும் இல்லை. கடுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. எங்கே போனாலும் பின்னால்.

நாத்தனாருக்கு போன் செய்தாள். என்னவென்று சொல்வது? "சும்மாதான். வந்துட்டுப் போயேன்," என்று மட்டும் சொன்னாள். "கடை முடிஞ்சு நாலு மணிக்கு வர்றேன் அண்ணி. கடுகு தூங்கிட்டா எழுப்பாதீங்க, பாத்துட்டுப் போயிடறேன்," என்றாள் நாத்தனார்.

திரும்பி வந்தாள். வேறு எங்கே போவது? கதவைத் தாழிட்டாள். அறையின் மூலையில், இரண்டு சுவர்கள் சேருமிடத்தில், முதுகை அழுத்தி உட்கார்ந்தாள். கடுகை மடியில் வைத்து, அதன் முதுகைத் தன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டாள். இடையில் ஒரு விரல்கூட நுழையாது. இனிக் கடுகுக்குப் பின்னால் அம்மாதான். அம்மாவுக்குப் பின்னால் செங்கல். இதை முதல் நாளிலிருந்தே செய்திருக்கலாமே, எதிரே உட்காராமல், ஹெட்போன் மாட்டாமல், இப்படி மடியில் வைத்துக்கொண்டிருந்தால் போதுமே என்று நினைத்தபோது அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. குழந்தை கனத்தது. முழுப் பாரமும் அவள் தொடையில் இறங்கியது. அவ்வளவு சுகமான பாரத்தை அவள் வாழ்நாளில் சுமந்ததில்லை.

அரைமணி. ஒருமணி. மூலையில் வெயில் நகர்ந்தது. கடுகின் தலையில் பால் வாசம். அவளுக்குக் கண் சொருகியது.

அழைப்பு மணி அடித்தது.

"அண்ணி! நான்தான்!"

எழ முயன்றாள். முடியவில்லை. முதுகில் சுவரின் சில்லிப்பு இல்லை. சொரசொரப்பு இல்லை. மெத்தென்றிருந்தது. கதகதப்பாக இருந்தது. மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.

அவள் உட்கார்ந்திருந்தது ஒரு மடியில்.

"அண்ணி? தூங்கறீங்களா?"

கத்த மூச்சை இழுத்தாள். மணிக்கட்டில் விரல்கள் பதிந்தன. வலிக்கவில்லை. மிகவும் பொறுமையான விரல்கள். அவள் வலது கை மேலெழுந்தது. மணிக்கட்டு முதலில். விரல்கள் பின்னால். உள்ளங்கை அவள் வாயை நோக்கி வந்தது. மூடியது. சேர்த்து அழுத்தியது.

ஒரு முறை எடுத்து, மறுபடி வைத்துக் காட்டியது.

கடுகு கழுத்தைத் திருப்பி அண்ணாந்து பார்த்தது. அம்மாவின் வாயை. மூடிய கையை. வகுப்பில் பார்ப்பதுபோல் கண் கொட்டாமல். பிறகு தன் குட்டிக் கையைத் தானே தூக்கித் தன் வாயை மூடிக்கொண்டது. யாரும் பிடித்துக் காட்டவில்லை. முதல் தடவையே சரியாக வந்தது.

"சரி, தூங்கட்டும். நாளைக்கு வர்றேன்," என்று வெளியே தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாத்தனார் படியிறங்கினாள். ஒவ்வொரு படியிலும் செருப்புச் சத்தம் கேட்டது. கடைசிப் படிவரை கேட்டது. மூலையில் இரண்டு கைகளும் இரண்டு வாய்களின் மேல் அப்படியே இருந்தன.