வெயில் படாத சிவப்பு

கண்ணையா சொன்னதற்கு மறுசொல் கிடையாது. பீளமேட்டில் அந்த வீட்டு வாசலைத் தாண்டிய எவருக்கும் இதை யாரும் சொல்லித் தந்ததில்லை; என்றாலும் எல்லோரும் அதன்படியே நடந்தார்கள். வானம் வெளுத்துக் கிடக்கையில் அவர் மழை வரும் என்றால் கொடியிலிருந்த துணிகள் உள்ளே வந்துவிடும். அவருடைய மறைந்த தம்பியின் மனைவி ரங்கநாயகி, அவள் மகள் மௌனிகா, செடிகளைப் பார்த்துக்கொள்ள வரும் அன்புக்கரசி என்று எல்லோருக்கும் தலையசைத்துப் பழகிப்போயிருந்தது.

சனிக்கிழமை, காலை 6.40. பின்வாசல் கதவைத் திறந்த அன்புக்கரசி அங்கேயே நின்றுவிட்டாள். மேற்குச் சுவரோரம் ரங்கநாயகி குப்புறக் கிடந்தாள். பின்னந்தலையில் ரத்தம் காய்ந்திருந்தது. தரையிலோ ஒரு கையகலம்கூட இல்லை. அருகில் உடைந்த மண்தொட்டி, சிதறிய மண், வேரோடு பெயர்ந்த ஒரு கற்றாழை. நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் அறைந்திருந்த இரும்புத் தட்டில் வண்ணக் கற்றாழைத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. நடுவில் ஓர் இடம் மட்டும் காலி.

அந்தத் தொட்டிகளை அடுக்கியவள் அவள். துக்கத்தை முந்திக்கொண்டு அச்சம் வந்தது.

8.15. இன்ஸ்பெக்டர் சிக்கந்தர் வந்தார். கண்ணையா பின்முற்றத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபத்திரண்டு வயதிலும் மூட்டை தூக்கக்கூடிய தோள்கள்.

"உசரத்துல தொட்டி வெக்க வேண்டாம்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனுங்க. இவ கேக்கலை" என்றார்.

சிக்கந்தர் அன்புக்கரசியிடம் திரும்பினார். "வெச்சது நீதானா?"

"நானுங்க."

"ஐயா வேண்டாம்னு சொன்னாரா?"

அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இரவுப் பணி முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பி, அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்த மௌனிகா தலையைத் தூக்கினாள். கண்ணையா அன்புக்கரசியைப் பார்த்த பார்வையில் மிரட்டல் இல்லை. பதில் என்னவென்று முன்பே தெரிந்த நிதானம் இருந்தது.

"சொன்னாருங்க" என்றது அவள் வாய்.

சிக்கந்தர் குறித்துக்கொண்டார். கவனக்குறைவால் ஓர் உயிர் போயிருக்கிறது, எழுதிக் கையெழுத்து வாங்கியபின் ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும் என்றார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் இனியா மாலையில் பூட்டிய வீட்டின் முன் பையோடு நிற்பது அன்புக்கரசியின் கண்ணுக்குள் வந்தது. அவளுக்கு வேறு யாரும் இல்லை.

9.05. எழுதுவதற்கு மேசை வேண்டியிருந்தது. கண்ணையாவின் அலுவல் அறைக்குப் போனார்கள். அதன் ஒரு கதவு பின்முற்றத்தை நோக்கித் திறக்கும். உள்ளே நுழைந்ததும் பெனாயில் வாடை மூக்கில் ஏறியது. வீடு துடைக்கும் மாரியாத்தாள் ஒன்பதரைக்கு முன்னால் வருபவள் அல்லள். ஏசிக்காக ஜன்னல்களில் எந்நேரமும் திரை தொங்கும் அறை அது. மேசையருகே முக்காலியின் மேல் ஒரு கற்றாழை, ஊதிவிட்ட தணலைப் போலச் சிவந்து நின்றது.

பேனாவை வாங்கிய அன்புக்கரசியின் கை அந்தரத்தில் நின்றது. இதுவரை அவள் சிறைக்குப் பயந்தாள். இப்போது முதுகுக்குப் பின்னால் கேட்ட கண்ணையாவின் மூச்சுக்குப் பயந்தாள்.

"ஏனுங்க சார்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "கையெழுத்துப் போடறதுக்கு முன்னால அந்த உடைஞ்ச செடிய ஒருக்கா பாத்துப்போட்டு வாரேனுங்க."

கண்ணையா சிரித்தார். "செடி வந்து சாட்சி சொல்லுமா, அம்மணி?"

அவள் பார்வை முக்காலியில் நிலைத்ததைச் சிக்கந்தர் கவனித்திருந்தார். "பாக்கட்டுமே" என்று எழுந்தார்.

முற்றத்தில் அவள் மண்டியிட்டு, பெயர்ந்து கிடந்த கற்றாழையைப் புரட்டினாள். வெளிறிய பச்சை. வேர் கறுத்துக் குழைந்து நாறியது. மண் ஈரமாக விரலில் ஒட்டியது. தட்டில் எஞ்சியிருந்த தொட்டிகளில் மண் சாம்பலாகக் காய்ந்திருந்தது. செடிகள் எல்லாமே சிவப்பு.

"இது வேற ரகமா?" என்று கேட்டார் சிக்கந்தர்.

"வேற ரகம்தானுங்க" என்று கண்ணையா முந்திக்கொண்டார். "இந்தப் பச்சை எப்பவும் தட்டுல, அந்தச் சிவப்பு எப்பவும் என் ரூம்புல."

மௌனிகாவின் தலை பழக்கத்தில் அசைந்தது. அன்புக்கரசி யார் முகத்தையும் பார்க்காமல், மண்ணைப் பார்த்தபடி சிக்கந்தருக்குச் சொல்லத் தொடங்கினாள். இரண்டும் ஒரே தாய்ச்செடியின் பக்கக் கன்றுகள். எட்டு மாதத்துக்கு முன் ஒரே நாளில் பிரித்து நட்டவை. ஒன்று இந்தத் தட்டுக்கு வந்தது, மற்றொன்று அறைக்குப் போனது. வெயிலில் காயவிட்டுத் தண்ணீரைக் குறைத்தால் இந்தச் செடி சிவக்கும். நிழலில் பச்சையாகவே இருக்கும். நிறம் ஏறவும் இறங்கவும் வாரக்கணக்காகும், ஒரே ராத்திரியில் மாறாது.

"தட்டுல இருக்கறதுக்குப் பத்து நாளைக்கு ஒருக்காத்தானுங்க தண்ணி. ரூம்புச் செடிக்கு ஐயா தினமும் டம்ளர்ல மிஞ்சற தண்ணிய ஊத்துவாருங்க. அழுகிப்போகுமுன்னு எனக்குத் தெரியும். சொல்லலைங்க."

"ஏன்?"

"அவருகிட்ட யாரும் சொல்ல மாட்டாங்க சார்."

சிக்கந்தர் அலுவல் அறைக் கதவையும் காலி இடத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்போ ரூமுல இருக்கற சிவந்த செடி?"

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு அதைத் தொடைச்சு இந்தத் தட்டுல வெச்சுப்போட்டுத்தான் ஊட்டுக்குப் போனேனுங்க. அம்மா தலையில விழுந்தது ரூம்புத் தொட்டி. அது இங்கயிருந்து விழலைங்க. அம்மா செத்தது அந்த ரூம்புலதானுங்க. தூக்கியாந்து இங்க போட்டு, தட்டுல ஒரு எடம் காலி பண்ணி, எடுத்த தொட்டிய முக்காலியில வெச்சிருக்காருங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் ஐயாவுக்குத் தெரியலை. தெரியாதுன்னு சொல்லவும் ஆளில்லை."

பிறகு மௌனிகா, தரையைப் பார்த்தபடியே பேசினாள். நேற்று மாலை ஆறரை மணிக்கு அம்மா போனில் அழைத்திருந்தாள். இந்த வீட்டை விற்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று இன்றிரவே பெரியப்பாவிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றாளாம்.

சிக்கந்தர் கான்ஸ்டபிளை அறை வாசலில் நிற்கச் சொன்னார். கண்ணையா ஓர் அடி முன்னால் வந்தார். குரல் உயரவில்லை.

"அம்மணி, இத்தன வருசம் இந்த ஊட்டுச் சோறு தின்னவ நீ. தட்டுல வெக்க வேண்டாம்னு நான் சொன்னேன். ஆமான்னு நீயே இவருகிட்ட சொல்லியிருக்கே. இன்னொருக்கா சொல்லு."

அன்புக்கரசியின் கழுத்து, பழகிய அசைவுக்குத் தயாரானது. அவள் மண் படிந்த கையைச் சுவரில் ஊன்றி எழுந்தாள். முதல்முறையாக அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"நீங்க சொல்லவே இல்லைங்க ஐயா" என்றாள். "நான் சொன்னது பொய்யிங்க. நீங்க சொல்றதும் பொய்யிங்க."