இருபத்திரண்டாவது ஆள்

1943-ஆம் ஆண்டின் கடைசி மழையில் பொன்னுதுரையும் அவர் மனைவி கமலவேணியும் ஜப்பான்காரன் ஆட்சியிலிருந்த காஜா பெராங்கில், ஓர் அத்தாப்பு ஓலை வீட்டுக்குக் குடிவந்தார்கள். எதிரே கடை வைத்திருந்த காதர் மைதீனின் வீடு அது. வாசலிலிருந்து இருபது அடி தள்ளி ரயில் மேடு. அந்தக் கிளைப்பாதையின் தண்டவாளத்தை ஜப்பான்காரன் பெயர்த்துச் சயாமில் புதுப்பாதை போடக் கொண்டுபோய்விட்டான். தண்டவாளத்தைத் தாங்கிய சிலிப்பர் கட்டைகள் மட்டும் மழையில் ஊறிக் கிடந்தன.

மேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே முழங்கால் அளவு சேறு. பொன்னுதுரை பதினேழு வருஷம் ரயில் பாதையில் மேஸ்திரியாக இருந்தவர், சும்மா இருப்பாரா? ஒன்பது கட்டைகளைப் புரட்டிக் கொண்டுவந்து சேற்றில் பதித்தார். நெருக்கிப் போட்டிருந்தால் அது நடைபாதையாகியிருக்கும். அவர் கை அப்படிப் பழகவில்லை. அடியில் சரளைக்கல், கட்டைக்குக் கட்டை இரண்டரை அடி, ஒற்றைக் கண்ணை மூடி மட்டம். மேட்டிலிருந்து கிளை பிரிந்து ஒரு ரயில் பாதை அவர் வாசலுக்கே வந்து சேர்ந்தது.

"என்னா மேஸ்திரி, என் வீட்ட ஸ்டேஷன் ஆக்கிட்டீங்க? டிக்கெட்டும் நீங்களே கிழிப்பீங்களா?" என்றார் காதர் மைதீன்.

பொன்னுதுரை சிரிக்கவில்லை. தான் செய்துவைத்ததை அப்போதுதான் பார்ப்பவர்போல நின்றார்.

மறுநாள், ஜப்பான்காரன் புகுத்திய டோக்கியோ மணி ஐந்தரை. பழைய கணக்குக்கு மணி நாலு. முன்பெல்லாம் மாலை வண்டி வந்த நேரம். கமலவேணி மரவள்ளிக்கிழங்கை அடுப்பில் ஏற்றியிருந்தாள். குடத்துத் தண்ணீர் நடுங்கியது. கரிப்புகை நெடி வந்தது. அதன் அடியில் அழுகிய புண்ணின் வீச்சம்.

பிறகு, கட்டைகளின் மேல் வெறுங்கால்களின் சத்தம். பல கால்கள். வாசல்வரை வந்து நின்றன.

"இருக்கேன் மேஸ்திரி."

வெளியே யாரும் இல்லை. மழைதான் இருந்தது. ஆனாலும் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஆஜர் சொல்லும் தொனியில், அதையே சொல்லின. அவள் தன்னையறியாமல் எண்ணினாள். இருபத்தொன்று. கடைசிக் குரல் அப்பாசாமியுடையது. பொன்னுதுரையின் ஆட்களில் ஒருவன், போன வருஷத் தீபாவளிக்கு அவள் கையால் சாப்பிட்டவன்.

"இன்னும் ஒரு ஆளு எங்க மேஸ்திரி?"

பொன்னுதுரை மூலையில் சுருண்டு காதைப் பொத்தியிருந்தார். அன்றிரவு எல்லாவற்றையும் சொன்னார். சயாமுக்கு ஒரு மேஸ்திரியும் இருபத்திரண்டு ஆட்களும் வேண்டும் என்றான் ஜப்பான்காரன். அவரிடம் இருந்தது இருபத்தொரு பேர். அவர்களை வண்டியில் ஏற்றிவிட்டு, குறைகிற ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி மறுபக்கம் இறங்கினார். இறங்கியவர் திரும்பவில்லை. அங்கே காலராவில் ஒருவனும் மிஞ்சவில்லை என்று அப்புறம் கேள்விப்பட்டாராம்.

"அவங்க என்னைக் கூட்டிட்டுப் போயிருவாங்க, வேணி."

"பாதை இருந்தாத்தானே வருவாங்க? காலையில கட்டையப் புடுங்கிருவோம்," என்றாள் அவள்.

காலையில் அவர் வாசலைத் தாண்ட மறுத்தார். கமலவேணியே கடப்பாரையை எடுத்தாள். பொழுதெல்லாம் நெம்பியும் முதல் கட்டை அசையவில்லை. ஒரே இரவில் அது நூறு வருஷத்துக் கட்டைபோல இறுகிக் கிடந்தது. அழுத்திக் குத்தினாள்.

கீழிருந்து யாரோ கடப்பாரையைப் பிடித்துத் திருப்பித் தள்ளினார்கள்.

புண் வீச்சம் அடித்தது.

கடப்பாரையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். அவள் கை படுவதற்குள் உள்ளே தாழ் விழுந்தது.

"ஏங்க, கதவத் தொறங்க."

அவளைச் சுற்றிக் கால்கள் வந்து நின்றன. இருபத்தொரு குரலும் சொல்லி முடித்தன.

"இன்னும் ஒரு ஆளு எங்க மேஸ்திரி?"

கதவுக்குப் பின்னால் பொன்னுதுரை தொண்டையைச் செருமினார். பதினேழு வருஷம் காலைதோறும் பெயர் படித்த அதே குரல்.

"இருபத்திரண்டு. கமலவேணி."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருக்கேன் மேஸ்திரி."

அவளுடைய குரல்தான். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"ஆளு சரியா இருக்கு. இனிமே நீங்களும் ஏறலாம் மேஸ்திரி," என்றான் அப்பாசாமி.

உள்ளே குடம் உடைந்தது. ஒரு நீண்ட ரயில் ஊதல் எழுந்து வடக்கே தேய்ந்தது.

காதர் மைதீன் ஓடிவந்து கதவை உடைத்தார். உள்ளே ஆள் இல்லை. பின்வாசலும் கிடையாது. "என்னாச்சும்மா? மேஸ்திரி எங்க?" என்று கேட்டார். கமலவேணி வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

அடுத்த நாள் அவர் நாலு ஆட்களைக் கூட்டிவந்து கட்டைகளைப் பெயர்த்தார். சுலபமாகவே வந்தன. ஒன்பதையும் ஆற்றில் தள்ளிவிட்டார்கள்.

மாலையில் அவள் கடைவாசலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே வெறும் சேறு. அங்கிருந்து பொன்னுதுரையின் குரல் நிதானமாகப் பெயர் படிக்கத் தொடங்கியது. கடைசிப் பெயருக்கு ஒரு பெண் குரல் தெளிவாகப் பதில் சொன்னது.

காதர் மைதீன் திரும்பி அவளைப் பார்த்தார்.

அவள் உதடு மூடியே இருந்தது.