ராஜாவின் இன்னொரு கால்

குருவி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். காற்று பலமாக அடித்தால் பறந்துவிடுவாள் என்று எல்லோரும் கேலி செய்யும் அளவுக்கு ஒல்லி. ஆனால் அத்தையின் பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் அவளை எந்தக் காற்றும் அசைக்க முடியாது. கேமரா அவ்வளவு கனம்.

அத்தை கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். வாரம் முழுக்கப் பாஸ்போர்ட் அளவுப் படங்கள் எடுப்பார். குளிர்காலம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார். தூர தேசங்களிலிருந்து கடற்காகங்கள் வந்து இறங்கும் காலம் அது. பெயர்தான் காகம், உடம்பெல்லாம் வெள்ளை.

ஸ்டூடியோ பழக்கம் அத்தையைக் கடற்கரையிலும் விடாது.

"முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. ஆங், அப்படியே இருங்க. கண்ணை மூடாதீங்க" என்று கடற்காகங்களிடம் சொல்வார்.

"அத்தை, அதுங்களுக்கு இதெல்லாம் புரியுமா?"

"மனுஷங்களுக்கு மட்டும் புரியுதாக்கும்!"

கடற்கரையின் கோடியில் ஒரு பழைய படகுத்துறை இருந்தது. பலகைகள் பாதி போய்விட்டன. மரத்தூண்கள் மட்டும் வரிசையாகத் தண்ணீரில் நின்றன. ஒரு மாதத்துக்கு முன்னால், அந்தக் கடைசித் தூணின் மேல் தனியாக ஒரு கடற்காகம் நிற்பதைக் குருவி பார்த்தாள். அதன் அலகின் நுனியில் சின்னதாக ஓர் உடைப்பு இருந்தது. அது மட்டுமல்ல, அதற்கு ஒரே ஒரு கால்தான் இருந்தது!

'ஐயோ பாவம், ஒத்தக்காலோடயா கடலைத் தாண்டி வந்துச்சு?' என்று அவளுக்கு மனசு உருகிவிட்டது. படம் எடுத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அது அதே தூணில் ஒற்றைக் காலில் நின்றது. சந்தேகமே இல்லை. அதற்கு ராஜா என்று பெயர் வைத்தாள்.

அத்தை அந்தப் படத்தை இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தார். "வெளிச்சம் அருமையா விழுந்திருக்கு" என்று பாராட்டவும் செய்தார்.

ஒரு பிரதி பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் ஏறியது. 'ஒரு காலை இழந்தும் கடலைக் கடந்த ராஜா' என்று குருவி தன் கையாலேயே எழுதி ஒட்டினாள். டீச்சர் தட்டிக்கொடுத்தார். சின்ன வகுப்புப் பிள்ளைகள் ராஜாவைப் பார்த்துப் படம் வரைந்தார்கள். குருவிக்குத் தலைகால் புரியவில்லை.

இன்னொரு பிரதி மாடி வீட்டு வாண்டுக்குப் போனது.

வாண்டுக்கு ஆறு வயது. அலமாரியின் மேல்தட்டில் அவன் அம்மா ஒளித்து வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை எடுக்க ஏறி, டப்பாவோடு சேர்ந்து கீழே வந்து, வலது காலை உடைத்துக்கொண்டவன். டப்பாவின் மூடி கூடத் திறக்கவில்லை என்பதுதான் அவனுடைய பெரிய வருத்தம். மாவுக்கட்டோடு படுத்திருந்தவன் ராஜாவின் படத்தைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டான். கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டச் சொன்னான்.

மாவுக்கட்டைப் பிரித்து மூன்று நாள் ஆகிறது. சனிக்கிழமை சாயங்காலம் குருவி மாடிக்குப் போனபோது வாண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை மடக்கிக்கொண்டு, தொம் தொம் என்று குதித்துக்கொண்டிருந்தான்.

"நீயாவது இவனுக்கு எடுத்துச் சொல்லும்மா" என்றார் வாண்டின் அம்மா. "எலும்பு நல்லாக் கூடிடுச்சு, காலை ஊனி நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். இப்படியே மடக்கி வச்சிருந்தா கால் இளைச்சுப் போயிடுமாம். இவன் ஒரு தடவை கூடக் கீழ வைக்க மாட்டேங்கறான்."

"ஏன்டா வாண்டு? வலிக்குதா?"

"வச்சாதானே வலிக்கும்? நான்தான் வைக்கவே இல்லையே!"

"அப்புறம் எப்படிடா நடப்ப?"

வாண்டு சுவரில் இருந்த படத்தைக் காட்டினான். "ராஜாவுக்கு ஒரு கால்தானே? அது கடலையே தாண்டி வந்துடுச்சு. நான் பாத்ரூம் வரைக்கும் போக மாட்டேனா?"

"பாத்தியா? எதைச் சொன்னாலும் இந்தப் படத்தைக் காட்டியே என் வாயை அடைச்சிடறான்" என்றார் அவன் அம்மா.

குருவிக்கு முகம் சுருங்கிப்போனது. அவனைச் சந்தோஷப்படுத்தத்தான் அந்தப் படத்தைக் கொடுத்தாள். அது இப்படி வந்து முடியும் என்று யார் கண்டது?

மறுநாள் காலை கடற்கரையில் குளிர்காற்று ஊசியாகக் குத்தியது. அத்தை தூரத்தில் ஒரு கூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ராஜா வழக்கம்போல் கடைசித் தூணில் ஒற்றைக் காலில் நின்று தூங்கியது. குருவி கேமராவைக் கூடத் தூக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது ராஜாவின் வெள்ளை வயிற்றிலிருந்து இன்னொரு கால் இறங்கி வந்தது.

குருவி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். புதிதாக வந்த கால் தூணில் ஊன்றியது. அதுவரை நின்றிருந்த கால் மெதுவாக மேலே போய் இறகுக்குள் மறைந்துவிட்டது. ராஜா மறுபடி தூங்கியது.

"அத்தை! ராஜாவுக்கு ரெண்டு கால் இருக்கு!" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

"பின்ன, எத்தனை இருக்கணும்?"

"ஒண்ணுதான் இருந்துச்சு!"

அத்தை சிரித்துவிட்டார். "குளிருக்கு ஒரு காலை மடிச்சு இறகுக்குள்ள கதகதப்பா வச்சுக்கும்டி. கொஞ்ச நேரம் கழிச்சு மாத்திக்கும். இது உனக்குத் தெரியாதா?"

"நீங்கதானே படத்தைப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னீங்க!"

"நான் வெளிச்சத்தைப் பாத்தேன். காலை யாரு எண்ணினா?"

குருவிக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு காலை இழந்த ராஜா என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. பேசாமல் இருந்துவிடலாமா? அடுத்த மாதம் அறிவிப்புப் பலகையில் வேறு படம் வந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

ஆனால் வாண்டு? அவன் குதித்துக்கொண்டே இருப்பான்.

சும்மா வாயால் சொன்னால் அவன் நம்ப மாட்டான். அது வேறு பறவை என்பான். அலகின் உடைப்பும் இரண்டு கால்களும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். குருவி கேமராவைப் பார்த்தாள். பேட்டரியில் ஒரே ஒரு கோடுதான் மிச்சம் இருந்தது.

தூணுக்கு எதிரே மணலில் குப்புறப் படுத்துக் காத்திருந்தாள். விரல்கள் மரத்துப்போயின. மூக்கு ஒழுகியது. துடைப்பதற்குக் கையை எடுத்தால் அந்த நேரம் பார்த்து ராஜா காலை இறக்கிவிடுமோ என்று பயந்து, உறிஞ்சிக்கொண்டே படுத்திருந்தாள்.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் நின்றார். "எதுக்கும்மா இப்படிப் படுத்திருக்க?"

"அது காலைக் கீழ வைக்கிறதுக்காகக் காத்திருக்கேன், அங்கிள்."

"ஒரு கல்லை விட்டெறி. தன்னால வைக்கும்."

"தூங்குது அங்கிள். ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கு, பாவம்."

அவர் அவளையும் பறவையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் நடந்து போனார்.

"கிளம்பலாமா? பத்து மணிக்கு ஸ்டூடியோவுக்கு ஒரு குடும்பம் வருது" என்றார் அத்தை.

"அஞ்சே நிமிஷம், அத்தை."

அந்த ஐந்து நிமிஷம் மூன்று முறை வந்து போனது. நான்காவது தடவை கேட்பதற்கு அத்தை வாயைத் திறந்தபோது, ஓர் அலை தூணில் மோதித் தெறித்தது. ராஜா கண் விழித்தது. இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டது. மடித்த காலை மெல்ல நீட்டியது. முதலில் விரல் நுனி, பிறகு பாதம். இரண்டு காலையும் அழுத்தமாக ஊன்றி நின்று, குருவியை நேராகப் பார்த்தது.

கிளிக். கிளிக். கிளிக். மூன்றாவது படத்தோடு பேட்டரி உயிரை விட்டது.

ஸ்டூடியோவில் அந்தக் குடும்பம் தலை வாரிக்கொள்வதற்குள் அத்தை மூன்று படங்களையும் பிரதி போட்டுக் கொடுத்துவிட்டார். குருவி மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள்.

"வாண்டு, நான் தப்பாச் சொல்லிட்டேன்டா. ராஜாவுக்கு ரெண்டு கால்."

வாண்டு படங்களை வாங்கிப் பார்த்தான். "இது வேற காக்கா."

"மூக்கைப் பாரு."

சுவரில் இருந்த மூக்கையும் கையில் இருந்த மூக்கையும் அவன் நெடுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தான். பிறகு அவளை முறைத்தான்.

"பொய் சொன்னியா, குருவிக்கா?"

"பொய் இல்லடா. சரியாப் பாக்காம அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். தப்புதான்."

வாண்டு மறுபடி படத்தைப் பார்த்தான். "கீழ வைக்கும்போது அதுக்கு வலிச்சுதா?"

"தெரியலடா. ஆனா மெதுவா வச்சுது."

"எவ்வளவு மெதுவா?"

குருவி ஒற்றைக் காலில் நின்றாள். இரண்டு கைகளையும் இறக்கைகளாக விரித்துக்கொண்டாள். மடித்த காலை இறக்கும்போது தடுமாறிக் கட்டிலில் விழுந்தாள். வாண்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்படி இல்ல! படத்தைப் பாரு. முதல்ல விரல்!" என்று சொல்லிக்கொண்டே அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வலது காலை நீட்டினான். கட்டை விரல் தரையைத் தொட்டது. சட்டென்று எடுத்துக்கொண்டான். படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். மறுபடி வைத்தான். விரல், பாதம், கடைசியாகக் குதிகால்.

சமையலறை வாசலில் அவன் அம்மா கரண்டியும் கையுமாக நின்றார்.

"தரை ஜில்லுன்னு இருக்கு" என்றான் வாண்டு.

திங்கட்கிழமை குருவி டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வகுப்பே சிரித்தது.

"வெள்ளைக் காக்கா பறக்குதுன்னு சொல்லி எங்க எல்லாரையும் ஏமாத்திட்டியே!" என்றான் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன்.

"காக்கா வெள்ளைதான். கால்தான் ரெண்டு" என்றாள் குருவி. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பழைய தலைப்பைக் கிழித்துவிட்டு, பழைய படத்தையும் புதுப் படம் ஒன்றையும் அடுத்தடுத்து ஒட்டினாள். 'ராஜா தூங்கும்போது', 'ராஜா எழுந்த பிறகு' என்று எழுதினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையின் ஸ்கூட்டரில் நடுவில் ஒட்டிக்கொண்டு வாண்டும் கடற்கரைக்கு வந்தான். குருவியின் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து, ஆனால் இரண்டு காலையும் ஊன்றித்தான் படகுத்துறை வரைக்கும் நடந்தான். மாவுக்கட்டுப் பிரித்த காலில் இன்னும் லேசாக வீக்கம் இருந்தது.

கடைசித் தூணில் ராஜா ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

வாண்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை நிமிர்ந்து பார்த்தான்.

"ராஜா! பயப்படாம காலைக் கீழ வை!" என்று கத்தினான். "முதல்ல கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும். அவ்வளவுதான்!"