இரண்டாவது கோடு

காலை 6.05.

"அக்கா! என் ஐடென்டி காட் பேப்பரா மாறிக் கெடக்கு!"

அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த மார்ஜரி, மாவுக் கையோடு முன்னறைக்கு ஓடினாள். புஷ்பவதி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் உறையைச் செத்த பல்லியைப் பிடிப்பதுபோல விரல் நுனியில் பிடித்திருந்தாள். உறைக்குள் அவளுடைய படம் இருந்தது. பெயரும் இலக்கமும் இருந்தன. அடையாள அட்டைதான் இல்லை. அதன் அளவுக்கே வெட்டி, அடியில் மட்டை கொடுத்து ஒட்டிய ஒரு போட்டோ கொப்பி இருந்தது.

அது 1996 ஆகஸ்ட் மாதம், போர்க்காலம். அட்டை இல்லாத தமிழ்ப் பெண் கொழும்பு எல்லையின் முதல் சோதனைச் சாவடியைக்கூடத் தாண்ட முடியாது. புஷ்பவதிக்கோ ஏழரை மணி பஸ். இரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். வயது இருபத்து மூன்று. வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்திருந்தது. நாளைக் காலை கடையில் நிற்காவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

பஸ்ஸுக்கு வசதியாக இருக்கட்டும் என்று முதல் நாளே மாத்தளை டவுனுக்கு வந்து மார்ஜரி வீட்டில் தங்கினாள். மார்ஜரி கொழும்பில் பதினாலு வருடம் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்துவிட்டு, போன வருடம்தான் ஊர் திரும்பியவள். கொழும்புக்குப் போகிறவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போவதில்லை. அவளும் சலிக்காமல் சொல்வாள். வழி கேட்பதானால் கடைக்குள் போய்க் கேள், தெருவில் நின்று கேட்காதே. பஸ்ஸில் பேக்கை முன்னால் போட்டுக்கொள். போய்ச் சேர்ந்த அன்றே பொலிஸில் பதிவு செய். அடையாள அட்டையை இரண்டு கொப்பி எடு. ஒன்று பெட்டியில் இருக்கட்டும், ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

அந்தக் கொப்பியே இப்போது அட்டைக்குப் பதிலாக வந்து உட்கார்ந்திருந்தது.

"கடைசியா எப்ப பாத்த?"

"ராத்திரி எட்டு மணிக்கு. லாம்பைப் பக்கத்துல வச்சுப் பாத்தேன். உறையோட இருந்துச்சு. பேக்கைத் தலமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் படுத்தேன்."

"கதவு?"

"உள்ள கொண்டி போட்டேன். இப்பத்தான் தெறந்தேன்."

ஜன்னலுக்குக் கம்பி. கொண்டியில் கீறல்கூட இல்லை. திருடியவன் காற்றாக வந்து போனானா? அப்படியே வந்தாலும், எடுத்ததோடு போகாமல் எதற்காக இப்படி மினக்கெட்டு ஒட்டி வைத்தான்?

6.20.

புஷ்பவதியின் அண்ணன் நாகமுத்து வந்தான். தங்கையை பஸ் ஏற்றிவிட வந்தவன், இரவு பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு சிநேகிதன் வீட்டில் தங்கியிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கதவுநிலையில் சாய்ந்துகொண்டான்.

"போக வேண்டாம்னு இருக்கு. விட்டுரு" என்றான் தங்கையிடம். பிறகு மார்ஜரி பக்கம் திரும்பி, "கொப்பி எடுக்கக் கொண்டுபோனது யாருன்னு கேளுங்க" என்றான்.

கொண்டுபோனவள் பக்கத்து வீட்டு றஸ்மியா. டவுனில் தையல் கடை வைத்திருப்பவள். சத்தம் கேட்டு அவளே முக்காட்டை இழுத்துவிட்டபடி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"என்னயா சொல்றீங்க?" என்றாள் அவள். "மூன்றரைக்கு றஹீம் நானாட போட்டோ கொப்பிக் கடையில ரெண்டே ரெண்டு கொப்பிதான் எடுத்தேன். நாலரைக்கு ஐடென்டி காடையும் கொப்பியையும் இந்தப் புள்ளட கையில குடுத்துட்டேன்."

"மூணு எடுத்திருக்கலாம்ல?" என்றான் நாகமுத்து.

"கடை ஒம்பது மணிக்குத் தெறக்கும். போய்க் கேளுங்க. அவர்ட மெஷின் கண்ணாடியில ஒரு கீறல் இருக்கு. எந்தக் கொப்பி எடுத்தாலும் குறுக்கால ஒரு கறுப்புக் கோடு விழும். நான் எடுத்தது அவர்ட்டதான்."

ஒன்பது மணிவரை பஸ் காத்திருக்காது. மார்ஜரி புஷ்பவதியைக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"நேத்து நாலரையிலேர்ந்து நடந்ததை ஒண்ணுவிடாமச் சொல்லு."

"றஸ்மியா அக்கா குடுத்தாங்க. நான் ஒரு கொப்பியைப் பெட்டியில வச்சேன். மத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி அண்ணன்கிட்ட குடுத்தேன். அஞ்சு மணிக்கு அண்ணன் டீ குடிக்கப் போனாரு. ஆறரைக்குக் கரண்ட் வெட்டுனாங்கள்ல, அப்பத்தான் திரும்பி வந்தாரு. நான் கிணத்தடிக்கு முகங்கழுவப் போனேன். பேக்கு இங்கதான் இருந்துச்சு."

"அப்ப அறையில யாரு?"

"அண்ணன் இருந்தாரு. றஸ்மியா அக்காவும் லாம்பு கொண்டாந்தாங்க."

றஸ்மியா தலையாட்டினாள். "மேசையில வச்சிட்டுப் போயிட்டேன். அவ்வளவுதான்."

ஆக இரண்டு பேர். இரண்டு பேருக்கும் வாய்ப்பு இருந்தது. ஒருத்தி அட்டையைக் கையில் வைத்திருந்தவள், இன்னொருவன் கூடப்பிறந்தவன். மார்ஜரியால் இருவரையுமே நினைக்க முடியவில்லை.

6.40.

"கொப்பியெல்லாம் கொண்டாங்க" என்றாள் மார்ஜரி.

பெட்டியில் இருந்த தாள் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. நாகமுத்துவும் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினான். இரண்டு தாளும் முழுசு, வெட்டுப்படவில்லை. அப்படியானால் உறைக்குள் இருப்பது மூன்றாவது. றஸ்மியா பொய் சொல்கிறாளா? அவளுக்கு எதற்கு இந்த அட்டை? புஷ்பவதியின் முகம் எங்கே, அவள் முகம் எங்கே!

மார்ஜரி மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்தாள். இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. பெட்டித் தாளில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. உறைக்குள் இருந்த துண்டிலும், படத்தின் நெற்றிக்கு மேலே, அதே கோடு. நாகமுத்துவின் தாளில்...

அவள் குனிந்தாள். மறுபடியும் நிமிர்ந்து மூன்றையும் பார்த்தாள்.

"றஸ்மியா, நீ வீட்டுக்குப் போகலாம். உன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றாள்.

"இல்ல. இருந்து கேட்டுட்டுத்தான் போவேன்" என்றாள் றஸ்மியா.

7.00.

"கொண்டி போட்ட அறைக்குள்ள ராத்திரி யாரும் வரல்ல" என்றாள் மார்ஜரி. "எட்டு மணிக்கு நீ பாத்ததே இந்தப் பேப்பரைத்தான், புஷ்பம். லாம்பு வெளிச்சத்துல, உறையும் பளபளன்னு இருந்ததுல உனக்குத் தெரியல. அப்ப மாத்துனது நீ முகங்கழுவப் போன நேரத்துல. மாத்துனவரு முன்கூட்டியே துண்டை வெட்டி ஒட்டித் தயாரா வச்சிருக்கணும்."

"யாரு?"

"அட்டையை மெஷின்ல வச்சா ஒரு கோடு விழும். கோடு விழுந்த கொப்பியைத் திரும்பவும் அதே மெஷின்ல வச்சா?" நாகமுத்துவின் தாளைத் தூக்கிக் காட்டினாள். ஈர்க்குக் கனத்துக்கு இடைவெளி விட்டு அதில் இரண்டு கோடுகள் ஓடின. "இது கொப்பிக்குக் கொப்பி. அட்டை கையில இருந்தவளுக்கு இப்பிடி எடுக்கத் தேவையில்ல. கொப்பி மட்டும் கையில இருந்த ஆள்தான், அஞ்சு மணிக்கும் ஆறரைக்கும் நடுவுல போய் இதை எடுத்திருக்கணும். நல்ல கொப்பியை வெட்டி உறைக்கு வச்சிக்கிட்டு, கேட்டாக் காட்ட இதை எடுத்து வச்சிக்கிட்டாரு. நாகமுத்து, அட்டையைக் குடுங்க."

நாகமுத்து மறுக்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு கைலேஞ்சித் துணியை எடுத்துப் பிரித்தான். அட்டை உள்ளே இருந்தது.

"ஏன் அண்ணே?" புஷ்பவதிக்கு அழக்கூடத் தெரியவில்லை. "வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ஏன்னு கேப்ப." அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ரெண்டு வருசத்துக்கு முந்தி கொழும்புலேர்ந்து வந்தேனே..."

"மஞ்சக் காமாலைன்னு வந்தீங்க."

"காமாலை இல்ல. லொட்ஜுல பொலிஸ் வந்து புடிச்சாங்க. காட் இருந்துச்சு. பொலிஸ்ல பதிஞ்ச துண்டும் இருந்துச்சு. எல்லாத்தையும் வாங்கிப் பாத்துட்டுத்தான் வண்டியில ஏத்துனாங்க. பதினோரு நாளு. அம்மாகிட்ட எப்பிடிச் சொல்ல?"

மார்ஜரி பதினாலு வருடம் சேர்த்துவைத்த யோசனைகளில் இதற்கு ஒன்றுமே இல்லை. போ என்பதா, போகாதே என்பதா? அவளுக்கே விளங்கவில்லை.

"எப்பிடி விட்டாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"கூட வேலை செஞ்சவன் ஒருத்தன் ஸ்டேஷன் ஸ்டேஷனாத் தேடி வந்தான். தேட ஒருத்தன் இருந்ததால வந்தேன். இல்லாதவங்க உள்ளதான் இருந்தாங்க." அவன் றஸ்மியா பக்கம் திரும்பினான். "தங்கச்சி, ஒங்க மேல பழி போட்டுட்டேன்."

"அந்த வார்த்தை எனக்கு மறக்காது நானா" என்றாள் றஸ்மியா. "ஆனா ஒங்களயும் வெறுக்க ஏலாம இருக்கு."

புஷ்பவதி அட்டையை வாங்கி உறைக்குள் செருகினாள். பெட்டியைப் பூட்டினாள். "நான் போறேன் அண்ணே. நீங்க பயந்தது நியாயந்தான். ஆனா லயத்துல இருந்தா மட்டும் நமக்குப் பயம் இல்லாமலா இருக்கு?"

நாகமுத்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

7.28.

பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. நாகமுத்து பெட்டியை மேலே ஏற்றி, தங்கையை ஜன்னலோரம் உட்கார வைத்தான். மார்ஜரி வெளியே ஜன்னலுக்குக் கீழே நின்றாள். அவன் இறங்குவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கையில் ஒரு பையும் இல்லை. மாற்றுச் சட்டைகூட இல்லை.

கொண்டக்டர் வந்து எத்தனை பேர் என்று சிங்களத்தில் கேட்டான்.

நாகமுத்து தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தெகயி" என்றான். "ரெண்டு பேர். கொழும்புக்கு."