ஒன்பதாவது வெள்ளைப் பெட்டி

நாத்தனார் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில்தான் தம்பி பெண்டாட்டி போய் நின்றாள். பின்னாலேயே அவள் கணவன், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், மூச்சு வாங்க வந்தான்.

"அண்ணி, நாலு மணிக்குள்ள அந்தப் பெட்டி கிடைக்கலேன்னா என்னை வேலைய விட்டு அனுப்பிடுவாங்க" என்றாள் அவள்.

நாத்தனார் முப்பது வருடம் ரயில் நிலையத்தில் தொலைந்த சாமான் பிரிவைக் கட்டி ஆண்டவள். எதையாவது காணோம் என்றால் அவளுக்குப் பசி மறந்துவிடும். தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, "முதல்லேர்ந்து சொல்லு" என்றாள்.

கட்டணமில்லாத சின்ன நவீன கலைக்கூடம் அது. இரண்டே அறை, ஒரே வாசல். அந்த வாசலில் நிற்கும் வேலைக்கு அவள் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. உள்ளறையில் முழங்கால் உயரத்தில் ஒன்பது வெள்ளை மரப்பெட்டிகள். மொத்தமும் சேர்ந்து ஒரே படைப்பு. பதினோரு மணிக்கு எண்ணினால் எட்டுதான் இருக்கிறது. நாலு மணிக்கு, செய்த சிற்பியே பார்க்க வருகிறாள்.

"நீ வாசலை விட்டு நகர்ந்தியா?"

"திறந்ததிலேர்ந்து ஒரு அடி நகரல அண்ணி. அதனாலதான் பொறுப்பாளர்லேர்ந்து எல்லாரும் என்னையே பாக்கறாங்க."

"எனக்கு ஒரு ஆள் மேல சந்தேகம்க்கா" என்றான் மாஸ்டர். "காலையில ஒருத்தர் பெரிய கோட்டு போட்டுக்கிட்டு வந்தாராம்."

"அவ்வளவு பெரிய பெட்டிய கோட்டுக்குள்ள வச்சா அவர் எப்படிடா நடந்திருப்பார்?" என்று எழுந்தாள் நாத்தனார்.

கலைக்கூடத்துக்குள் நுழைந்ததும் மாஸ்டர் மூலை முடுக்கெல்லாம் தேடக் கிளம்பினான். நாத்தனாரோ பெட்டிகளைப் பார்க்கவே இல்லை, தாழ்வான கூரையைப் பார்த்தாள். நாலு விளக்கில் மூன்று மஞ்சளடித்திருந்தன. பெட்டிகளுக்கு மேல் இருந்தது மட்டும் பளிச்சென்று எரிந்தது.

"அது புதுசா?"

"நேத்து ஃப்யூஸ் போயி அந்த மூலையே இருட்டா இருந்துச்சு. இன்னிக்கு நான் வரும்போதே எரிஞ்சுது."

"ஏணி எங்கே?"

"கால் ஒடிஞ்சு போன வாரமே தச்சர்கிட்ட போயிடுச்சு."

அதற்குள் மாஸ்டர் தூசியும் தும்மலுமாகத் திரும்பினான். "சாமான் அறையையும் அலசிட்டேன்க்கா. சிலை வைக்கிற வெள்ளைப் பீடம் பதிமூணு கிடக்கு, வேற ஒண்ணும் இல்ல."

நாத்தனார் அவனைக் கையைத் தூக்கி அந்த விளக்கைத் தொடச் சொன்னாள். ஒரு முழம் எட்டவில்லை. பிறகு சாமான் அறைக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலை நிதானமாகப் படித்தாள்.

நாலு மணிக்கு சிற்பி வந்தாள். எல்லோரையும் உள்ளறையில் நிற்கவைத்து, கூடத்தின் பொறுப்பாளரிடம் நாத்தனார் கேட்டாள்.

"பல்பை மாத்தினது நீங்கதானே சார்?"

"ஆமா, திறக்கறதுக்கு முன்னாடி. அதுக்கென்ன இப்போ?"

"எது மேல ஏறினீங்க?"

"ஒரு பீடத்த இழுத்துப் போட்டு..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"இருட்டு. கைக்கு எட்டினது வெள்ளையா, சதுரமா இருந்துச்சு. இங்கே அப்படி இருக்கறதெல்லாம் உங்களுக்குப் பீடம்தான். ஏறினீங்க, மாத்தினீங்க, பழக்கதோஷத்துல சாமான் அறையில கொண்டுபோய் அடுக்கிட்டீங்க. கதவுல பன்னிரண்டு பீடம்னு எழுதியிருக்கு. என் தம்பி எண்ணினது பதிமூணு."

மாஸ்டர் எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்ததுபோல் நிமிர்ந்து நின்றான். அவனே போய் அதைத் தூக்கி வந்தான். அடியில் சிற்பியின் கையெழுத்து, மேலே இரண்டு செருப்புத் தடம். பொறுப்பாளர் மெல்லத் தன் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சிற்பி சிரித்தேவிட்டாள்.

தம்பி பெண்டாட்டிக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கியதுபோல இருந்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள்.

"நாளைக்கும் வந்துடுங்கம்மா" என்றார் பொறுப்பாளர், தரையைப் பார்த்தபடி.

"வரேன் சார்." கணவனிடம்கூடச் சொல்லாததை அவள் இப்போது சொன்னாள். "ஆனா காலையில, வந்தவங்க முன்னாடி என் கைப்பையைத் தரையில கொட்டிப் பாத்தீங்களே. அந்தப் பெட்டி அதுக்குள்ள போகும்னா நெனச்சீங்க?"

பொறுப்பாளர் முகம் வெளுத்து, கைகூப்பி, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். அவள் சரி என்று தலையசைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். யாரோ இரண்டு பேர் தயங்கி நின்றார்கள். "வாங்க, வாங்க, டிக்கெட் எல்லாம் கிடையாது" என்று அவர்களை உள்ளே அழைத்தாள்.