சாண் சறுக்கி

சங்கிலி தொய்ந்துவிட்டது, தகடு இன்னும் கீழே உட்காரவில்லை.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பட்டறையின் கூரைக்கு அடியில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் பாலம் போட்டதுபோல் ஊர்ந்துபோகும் கிரேன் அது. அதன் ஓரத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுதான் அவளுடைய இடம். அங்கிருந்து பார்த்தால் கீழே இருப்பவர்கள் தலையும் தோளுமாகத்தான் தெரிவார்கள். இப்போது அவள் கொக்கியில் ஒரு கட்டு இரும்புத் தகடு தொங்கியது. தொங்கியது என்று சொல்லக்கூடாது. நான்கு சங்கிலிகளும் பாரமே இல்லாமல் துவண்டிருந்தன. ஆனால் தகட்டுக்கும் அது உட்கார வேண்டிய மரக்கட்டைகளுக்கும் நடுவில் ஒரு விரற்கடை இருட்டு தெரிந்தது. ஒரு கணம்தான். பிறகு தகடு தானாகவே மெல்ல இறங்கி, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல், கட்டைகள் மேல் படிந்தது. எட்டு டன் இரும்பு மரத்தில் உட்காரும்போது வரும் சத்தம் வரவே இல்லை.

"சூப்பர்க்கா," என்றது வாக்கிடாக்கி. "மெத்தைல வச்ச மாதிரி வச்சீங்க. இத்தனை நாள் கழிச்சு ஏறியும் கை மறக்கல பாருங்க."

பேசியவன் நெட்டை. அவள் தம்பியின் கூட்டாளி. தம்பி நின்ற இடத்தில் நின்று இப்போது சைகை காட்டுகிறவன் அவன்தான். பாவம், காலையிலிருந்து அவளைச் சிரிக்கவைத்துவிட வேண்டும் என்று என்னென்னவோ பேசிப்பார்க்கிறான். அவள் "ம்" என்று மட்டும் சொன்னாள். அழுது வீங்கிய கண், அது எதையும் காட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கிரேனுக்குப் பட்டறையில் ஒரு பட்டப்பெயர் உண்டு: சாண் சறுக்கி. கைப்பிடியை விட்டதும் நிற்க வேண்டிய சுமை, இன்னும் ஒரு சாண் சறுக்கித்தான் நிற்கும். பிரேக் தேய்ந்திருந்தது. இது எல்லோருக்கும் தெரியும். சொல்ல வேண்டிய இடத்தில் வாயால் சொல்லியும் ஆயிற்று, "பாக்கலாம்" என்ற பதிலும் வந்தாயிற்று. அப்புறம் என்ன, ஒரு சாண் முன்னாலேயே கையை எடுத்தால் போயிற்று! புதிதாக வரும் ஆபரேட்டருக்கு அதையே முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். "சாண் கணக்கு மட்டும் கைக்கு வந்துடுச்சுன்னா நீ ராணி," என்று ஃபோர்மேன் அவளிடமும் சொல்லியிருக்கிறார். அவளுக்கு வந்துவிட்டது. கோடு கிழித்ததுபோல் கொண்டுவந்து நிறுத்துவாள். அதில் அவளுக்குப் பெருமை வேறு.

அவள் கடைசியாகக் கூண்டில் இருந்த அன்று, சுமை பாதி இறங்கியிருந்தபோது, அடியில் போட்ட கட்டை ஒன்று கோணியிருப்பதைத் தம்பி பார்த்தான். நீட்டிய கம்பால் தள்ளினான், நகரவில்லை. குனிந்தான். தலை தகட்டின் விளிம்புக்குள்ளே போனது. சைகை காட்டுகிறவன் கண்ணுக்கு மறைந்தால் அந்தக் கணமே கையை எடுக்க வேண்டும். எடுத்தாள். சுமை சறுக்கியது. சறுக்கத்தான் செய்யும், ஒரு சாண் போய் நின்றுவிடும் என்று காத்திருந்தாள். பழக்கம் அப்படி. சுமை நிற்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அன்று அந்தச் சாணுக்கும் முழத்துக்கும் நடுவில் ஒரு பிள்ளை இருந்தான்.

விசாரணையில் அவளிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "நிறுத்துன்னு கை காட்டினாரா?"

இல்லை. காட்டவில்லை. ஒரே ஒரு கை அந்த விளிம்புக்கு வெளியே நீண்டிருந்தால் போதும், கைப்பிடியை ஏற்றும் பக்கம் இழுத்திருப்பாள். தகடு மேலே வந்திருக்கும், அவனும் வீட்டுக்கு வந்திருப்பான். 'சுமைக்கு அடியில் சென்றவர் நிறுத்தச் சைகை தரவில்லை' என்று முடித்துவிட்டார்கள். செத்தவன் மேல் பழியைப் போடுவதில் ஒரு வசதி, அவன் வந்து மறுக்கப் போவதில்லை.

அம்மா அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். சுவரைப் பார்த்துக்கொண்டே, "அவன் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காதேடி," என்பாள். "அன்னைக்கு மட்டும் அந்தக் கைக்கு என்ன வந்துச்சு?"

வாஸ்தவம். வீட்டிலும் அவன் கையாலேயே பேசுகிறவன். டிவி சத்தம் அதிகமாக இருந்தால் விரலைக் கீழே காட்டிச் சுழற்றுவான். இறக்கு என்று அர்த்தம். அவள் திட்ட ஆரம்பித்தால் உள்ளங்கையை விரித்து ஒரு வீசு; நிறுத்து. அம்மா திட்டும்போது அதையே ஒளிந்து நின்று காட்டி அக்காவைச் சிரிக்கவைத்து, அவளுக்கும் சேர்த்து வாங்கிக்கொடுப்பான். சும்மா கிடக்கும்போதெல்லாம் வீசத் தெரிந்த கை, உயிர் போகும்போது ஏன் வீசவில்லை? அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. இன்று கூண்டில் ஏறி உட்கார்ந்தது வேலைக்காக அல்ல. இதே இடத்தில் உட்கார்ந்து, இதே சுமையை அதே இடத்தில் இறக்கிப் பார்த்தால், அன்று தன் கண்ணுக்குத் தப்பியது எது என்று தெரிந்துவிடும் என்று நினைத்தாள்.

"அந்த இடம் வேணாம்னா சொல்லும்மா, வேற பக்கம் போட்டுக்கலாம்," என்று ஃபோர்மேன் காலையில் கேட்டார்.

"அங்கயே போடலாம்ண்ணே."

புது பிரேக் போட்டிருந்தார்கள். இப்போது மட்டும் உடனே கிடைத்துவிட்டது. சுமையைத் தரையிலிருந்து கொஞ்சமாகத் தூக்கி, கையை விட்டு, நிற்கிறதா என்று ஃபோர்மேன் முன்னால் பார்த்தாள். ஆணி அடித்ததுபோல் நின்றது. மணியை அடித்துவிட்டுப் பாலத்தை நகர்த்தினாள். விசாரணைக்காகக் கயிறு கட்டி மூடிவைத்திருந்த அந்த இடத்தில் புதிதாக மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். மூன்று தகட்டுக் கட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். முதல் கட்டைத்தான் இப்போது வைத்தது. மூன்றாவது கட்டின் இடம், அந்த இடம்.

இரண்டாவது கட்டைத் தூக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பட்டப்பகல்தான், ஆனாலும் கூரையில் பதித்த கண்ணாடிகளெல்லாம் கருத்துப்போய், கீழே நின்ற தகட்டு அடுக்குகளின் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்து தரையே தெரியாமல் போயிற்று. தகரத்தில் மழை அடிக்கும் சத்தத்துக்குள்ளே கிரேனின் மோட்டார் சத்தம் அமுங்கியது. கூண்டுக்குள் கிரீசும் சூடான வயரும் நாறின. நனைந்த மரக்கட்டையின் புளித்த வாடை இத்தனை உயரம் ஏறி வருமா என்று அவள் யோசித்தாள். இதற்கு முன்னால் வந்ததில்லை.

நெட்டை விரலைக் கீழே காட்டிச் சுழற்றினான். இறக்கினாள். தரையை நெருங்கும்போது கை தானாகவே ஒரு சாண் முன்னால் கைப்பிடியை விட்டுவிட்டது. பழைய பழக்கம். சுமை அந்தரத்தில் டக்கென்று நின்றது. இப்படி நின்றிருக்கக்கூடாதா அன்றைக்கு! மறுபடி கைப்பிடியைத் தொட்டாள்.

சங்கிலி தொய்ந்தது.

முழங்கால் உயரத்தில். எடை காட்டும் சிவப்பு எண்கள் மளமளவென்று குறைந்தன. தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, நேராகி, ஒரு நடுக்கத்தோடு நின்றது. அப்போது வாக்கிடாக்கி உயிர்பெற்றது. பேச்சு இல்லை. மூச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு பாரத்தைத் தாங்குகிறவன், விட்டால் போச்சு என்று அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து விடும் மூச்சு. பிறகு தகடு மெல்ல, சத்தமில்லாமல், கட்டைகள் மேல் படிந்தது.

"யாருடா மூச்சு விடுறது?"

நெட்டை இடுப்பிலிருந்து வாக்கிடாக்கியை எடுக்கச் சிறிது நேரம் ஆயிற்று. "என்னக்கா? நான் பட்டனையே தொடலியே."

"இப்ப கீழ வச்சேனே, நடுவுல நின்னுச்சா?"

"கட்டையைத் தள்ளிட்டு இருந்தேன்க்கா, கவனிக்கல. நல்லாத்தானே உக்காந்திருக்கு? சத்தமே வரல. இன்னைக்கு உங்க கைல பூ மாதிரி இறங்குது."

அவள் தன் கையைப் பார்த்தாள். அந்தக் கை அப்படி வைக்கவில்லை. இரும்பை அவ்வளவு மெதுவாக எந்த ஆபரேட்டராலும் வைக்க முடியாது. கீழே யாரோ வாங்கி வைக்கிறார்கள்.

இறங்கிப் போய்விடலாமா என்று நினைத்தாள். இறங்கினால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஃபோர்மேனே குடை பிடித்துக் கொண்டுபோய் வீட்டில் விடுவார். ஆனால் வீட்டில் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதே கேள்வியைக் கேட்பாள். அவளுக்குச் சொல்ல ஒரு பதிலும் இல்லாமல் அந்த வீட்டுக்குள் நுழைவதைவிட, இங்கே பயந்து சாவது மேல் என்று தோன்றியது.

மூன்றாவது கட்டைத் தூக்கினாள்.

"எல்லாரும் விலகிட்டீங்களா?"

"விலகியாச்சுக்கா. நான் கோட்டுக்கு வெளியதான் நிக்கிறேன். என்னைத் தெரியுதா?"

தெரிந்தான். மஞ்சள் கோட்டுக்கு வெளியே, ஒற்றைப் பனைபோல. அவன் விரல் சுழன்றது. அவள் கைப்பிடியை ஒரு மயிரிழை தள்ளினாள். சுமை இறங்கியது. அவள் விளிம்பையே பார்த்தாள். அன்று பார்த்த அதே விளிம்பு. மழை. மோட்டாரின் முனகல். மரத்தின் புளித்த வாடை, அதோடு வியர்வை வாடை. வீட்டுக் கொடியில் காயும் சட்டையில் அடிக்கும் அதே வியர்வை.

சங்கிலி தொய்ந்தது.

குனிந்து நிற்கும் ஓர் ஆளின் உயரத்தில்.

கையை எடுத்தாள். சிவப்பு எண்கள் இறங்கின. இறங்கின. சைபர்.

தகடு நின்றது. எட்டு டன். கொக்கியில் பாரம் இல்லை. தரையில் பாரம் இல்லை. நடுவில் நின்றது.

நெட்டை பின்வாங்கினான். கால் தடுக்கி உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் வீசினான். நிறுத்து. நிறுத்து. அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

வாக்கிடாக்கியில் மூச்சு. இழுத்து. இழுத்து.

விளிம்பில் ஏதோ அசைந்தது. விரல்கள். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு. அடியிலிருந்து தகட்டைப் பிடித்த விரல்கள். நுனி வெட்டிய கையுறை. விரல் தெரிஞ்சாத்தான்க்கா சைகை தெரியும் என்று கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, அவனே வெட்டிக்கொண்ட கையுறை.

இரண்டு கையும்.

இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தான். அவள் மேலே ஒரு சாணுக்குக் காத்திருந்தபோது, கீழே அவன் தாங்கிக்கொண்டிருந்தான். வீசுவதற்கு அவனிடம் மூன்றாவது கை இல்லை.

"டேய்," என்றாள். "டேய் கண்ணா. விடுடா. அக்கா தூக்கிட்டேன்டா. விட்டுடு."

கைப்பிடியை ஏற்றும் பக்கம் இழுத்தாள். அன்று இழுத்திருக்க வேண்டிய இழுப்பு. சங்கிலிகள் விறைத்தன. எண்கள் ஏறின. தகடு மேலே வந்தது, இன்னும் மேலே, கூண்டுக்கு நேராக வரும்வரை வந்தது. கீழே இடம் வெட்டவெளியாயிற்று. மஞ்சள் கோடு. கோணிக் கிடந்த ஒரு கட்டை.

கட்டைக்கு மேலே கைகள். உள்ளங்கை மேல்நோக்கி. முழங்கைக்குக் கீழே உடம்பென்று எதுவும் தெரியவில்லை. நடுங்கிக்கொண்டு, நரம்பு புடைத்து, எதையோ தாங்கியபடியே நின்றன. பாரம் போனது அவற்றுக்குத் தெரியவில்லை.

"தூக்கிட்டேன்டா," என்று கத்தினாள். கண்ணாடியில் அறைந்தாள். மணியை அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள்.

கைகள் ஒரு சாண் தாழ்ந்தன. நிற்கவில்லை. மேலே வெறும் காற்றுதான். விரல்கள் பின்பக்கமாக மடியத் தொடங்கின.