சனிக்கிழமை விலை

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ரித்திகா தன் சின்ன மருமகளைத் திட்டத் தொடங்கினாள். அன்றைக்குக் கிடைத்த காரணம் ரசத்தில் உப்பு.

"இதை மனுசன் குடிப்பானா? உன்ற அப்பன் வீட்டுல உப்பளம் வெச்சிருந்தாங்களா?"

நறுமுகை அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பதில் சொன்னாலும் பேச்சு நிற்காது, சொல்லாவிட்டாலும் நிற்காது. மூன்று வருடத்தில் அது அவளுக்குப் பழகியிருந்தது. உப்பில் தொடங்கியது அவளுடைய நடைக்குப் போனது, பிள்ளை தங்காத வயிற்றுக்குப் போனது, கடைசியில் எப்போதும்போல இறந்துபோன அவள் அப்பாவிடம் வந்து சேர்ந்தது.

"சாகற வரைக்கும் மகளுக்கு ஒரு குந்துமணித் தங்கம் போட்டிருப்பாரா அந்த ஆளு? ஊர் மேல உன்னையத் தள்ளிவிட்டுட்டுப் போய்ச் சேந்துட்டாரு."

கூடத்தில் நறுமுகையின் கணவன் அகரன் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. மூத்த மருமகள் தன்யா வாசலில் காலிப் பைகளோடு நின்றாள். நறுமுகை செருப்பை மாட்டியதும் மாமியாரின் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. தன்யா பைகளை நீட்டினாள்.

நிறைகுடி அங்காடியின் திருப்பூர்க் கிளையில் எந்தப் பொருளின் மேலும் விலை எழுதியிருக்காது. உள்ளே நுழையும்போது மணிக்கட்டில் ஒரு வளையை மாட்டிவிடுவார்கள். சட்டத்தில் அதன் பெயர் வேட்கைமானி. ஊருக்கெல்லாம் அது மீட்டர். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் வளை நாடியைப் படிக்கும், அலமாரிக் கேமரா கண்ணைப் படிக்கும். இந்தப் பொருள் இந்த ஆளுக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று கணித்து, அவருக்கான விலையை வளையிலேயே காட்டும். அதிகம் வேண்டுகிறவர் அதிகம் கொடுக்கட்டும், இதைவிட நியாயமான விலை உலகத்தில் இல்லை என்று, அரிசிப் பஞ்சம் முடிந்த வருடம் சட்டம் வந்தபோது சொன்னார்கள். ஒரு வீட்டுக்கு ஒரே வாங்குநர், வாரத்தில் ஒரே நாள். வேறு கடை கிடையாது.

மீட்டரை ஏமாற்ற ஊரில் ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தார்கள். வாயில் பச்சை மிளகாயை அடக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று பால்மாவு அலமாரி முன்னால் ஒரு இளம் தகப்பன் நின்றிருந்தான். டப்பாவை எடுத்தான், வளையைப் பார்த்தான், வைத்தான். யாருக்கோ வாங்குகிறவன்போல எங்கோ பார்த்தபடி ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்ப எடுத்தான். ஒவ்வொரு முறையும் விலை ஏறிக்கொண்டே போயிற்று.

நறுமுகை துவரம்பருப்பை எடுத்தாள். இதைத் தின்னப்போகும் வாய்களை நினைத்தாள். தின்றால் தின்னட்டும், இல்லாவிட்டால் பட்டினி கிடக்கட்டும். வளையில் எண் சரிந்தது. கோபத்தை மீட்டர் கணக்கில் எடுப்பதில்லை. கையிலிருப்பதை நோக்கி மனம் எவ்வளவு சாய்கிறது என்பதை மட்டுமே அது பார்க்கும். அவள் மனம் எதை நோக்கியும் சாயவில்லை. தெருவிலேயே குறைந்த விலைக்குச் சாமான் வந்துசேர்வது அவர்கள் வீட்டுக்குத்தான்.

முன்பெல்லாம் ரித்திகாதான் வாங்குநர். அரிசியைத் தொட்டாலே பிள்ளைகளின் முகம் ஞாபகம் வந்து அவளுக்கு விலை எகிறும். பிறகு தன்யா போனாள். அவளுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள், அது இன்னும் மோசம். அகரன் வேலை பார்த்த பின்னலாடை ஆலை மூடிய வருடம் புது மருமகளின் பெயரைப் பதிந்தார்கள். முதல் மாதம் பெரிய மாற்றம் இல்லை. அவள் வேலைக்குப் போகக்கூடாது என்று சொல்லி வீட்டில் சண்டை நடந்த வாரத்தில் சாமான் பாதி விலைக்கு வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் நறுமுகை கணவனிடம் சொன்னாள்.

"ஓசூர்ல வேலை கெடச்சிருக்குங்க. தங்கறதுக்கும் அவங்களே எடம் குடுக்கறாங்க. போறேன்."

"போயிட்டு எப்ப வருவே?"

"வரமாட்டேன். எங்கப்பா பேரு உங்கம்மா வாயில படறதக் கேட்டுக்கிட்டு இன்னொரு சனிக்கெழம என்னால இந்த வீட்டுல நிக்க முடியாது."

அகரன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். அவன் முகத்தில் வருத்தத்தைவிடப் பதற்றம்தான் அதிகம் தெரிந்தது.

"முகை, அம்மா பேசறது எதுவும் நெசமில்ல."

"அப்படின்னா?"

"எல்லாம் மீட்டருக்காகத்தான். நீ சந்தோசமாப் போனா வெல ஏறுது, நொந்துபோயிப் போனா எறங்குது. அம்மாதான் கண்டுபுடிச்சாங்க. உன்னைய அவங்களுக்கு ரொம்பப் புடிக்கும். நீ படியெறங்கினதும் சாமி ரூமுல உக்காந்து அழுவாங்க, தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தன்யா அக்காவுக்கும்."

அவன் தலையசைத்தான்.

நறுமுகை கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை தாராபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அப்பா மகளைக் கேட்கிறார் என்றார்கள். சனிக்கிழமை கடையை முடித்துவிட்டு ஞாயிறு போகலாம் என்று மாமியார் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் அவள் எண்ணெய் அலமாரி முன்னால் நின்றபோது அப்பா போய்விட்டார்.

"எங்கப்பாவப் பாக்க விடாதது?" என்று கேட்டாள். "அதுவும் மீட்டருக்குத்தானுங்களா?"

கதவைத் தள்ளிக்கொண்டு ரித்திகா உள்ளே வந்தாள். நூற்பாலையில் தர மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் சுற்றி வளைத்துப் பேசிப் பழக்கமில்லாதவள்.

"அவனக் கேக்காத. நாந்தான் சொன்னேன். ஏக்கத்தோட போனா வெல கொறையும்னு நெனச்சேன். ரெண்டு நாளுதானே, அதுக்குள்ள ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். வீட்டுல ஏழு பேரு, ஒருத்தனுக்குக்கூட வேலை இல்ல. கொழந்தைங்க வெறுங்கஞ்சி குடிச்சுதுங்க." அவள் கட்டிலருகே வந்தாள். "நான் பண்ணினது பாவம் அம்மணி. இனி ஒரு வார்த்த பேசமாட்டேன். வெல எவ்வளவு வேணா ஏறட்டும்."

அவள் மருமகளின் கையைப் பிடித்தாள். நறுமுகை கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்த கை பிடித்தபடியே கிடந்தது.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் சத்தமே இல்லை. ரித்திகா தன் கையால் காப்பி போட்டுக் கொடுத்தாள். அகரன் வாசல்வரை வந்து வழியனுப்பினான். வாங்குநராக அவள் பெயரில் இருந்த வருடப் பதிவு அன்றோடு முடிகிறது, புதுப்பிக்க மறந்துவிடாதே என்று தன்யா தயங்கித் தயங்கி ஞாபகப்படுத்தினாள். விலை ஏறும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பரணில் இருந்த சேமிப்பை எடுத்துத் தயாராக வைத்திருந்தார்கள்.

நறுமுகை பருப்பை எடுத்தாள். அரிசியை எடுத்தாள். அவளுக்குக் கோபமே வரவில்லை. இவர்கள் பட்டினி கிடக்கட்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வளையில் அவள் இதுவரை பார்த்திராத எண் வந்தது. சட்டம் அனுமதிக்கும் அடிமட்ட விலை அது. அடுத்த பொருளுக்கும் அதுவே. கடைசிப் பொருள்வரைக்கும் எண் அசையவில்லை.

வெளிவாசல் மேசையில் இருந்த ஊழியர் பதிவைப் புதுப்பிக்க கைரேகைத் தகட்டை நீட்டினார். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வளையைக் கழற்றி வைத்தாள்.

வீட்டில் ரித்திகா ரசீதை வாங்கிப் பார்த்தாள். முதலில் அவள் முகம் மலர்ந்தது. "ஏறவே இல்ல!" என்றாள் மகனிடம். "பாத்தியாடா, சண்ட போடாமயே..." பேச்சு அங்கே நின்றது. ரசீதை இன்னொரு தரம் பார்த்தாள். வாழ்நாள் முழுக்கக் காரணத்தையும் விளைவையும் பார்த்துப் பழகியவளுக்குப் புரிய நேரம் பிடிக்கவில்லை. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னையத் திட்டு அம்மணி," என்றாள். "வாய் விட்டுத் திட்டு. நாலு அறை வேணா அறைஞ்சுக்கோ."

"எதுக்குங்க அத்தை?" என்றாள் நறுமுகை. குரலில் குத்தல் எதுவும் இல்லை. அரிசியை டப்பாவில் கொட்டி மூடினாள். மறுநாள் காலை ஒரு பெட்டியோடு பஸ் ஏறினாள். யாரும் தடுக்கவில்லை.

அதன் பிறகு திருப்பூர்க் கிளைக்கு ரித்திகாவே போக ஆரம்பித்தாள். அவளுக்கு எல்லாமே உச்ச விலை. பாதிப் பையோடு திரும்பினாள். வீட்டில் யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

ஓசூரில் மூன்றாவது வாரம் நறுமுகை தனக்கென்று சாமான் வாங்கப் போனாள். அரிசி, எண்ணெய், சோப்பு எல்லாம் அடிமட்ட விலைக்கே வந்தன. பக்கத்தில் நின்ற இளம்பெண் அவள் வளையை எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"எப்படிக்கா? நான் மூணு மாசமா மூச்சுப் பயிற்சியெல்லாம் பண்றேன், எனக்குக் கொறையவே மாட்டேங்குது. நீங்க என்ன பண்றீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்களேன்."

"ஒண்ணும் பண்றதில்லீங்க."

வெளியே போகும் வழியில் சீத்தாப்பழம் குவித்திருந்தார்கள். அவளுக்கு உயிரான பழம். பள்ளிக்கூடம் போகும் வயதில் அப்பாவோடு போட்டி போட்டு ஒரு கூடையைக் காலி செய்திருக்கிறாள். ஒன்றை எடுத்தாள். நன்றாகக் கனிந்து, விரல் பட்ட இடத்தில் தோல் அமுங்கியது. முகர்ந்து பார்த்தாள். அப்பாவின் முகத்தை வேண்டுமென்றே நினைவுக்குக் கொண்டுவந்தாள். அவர் விதைகளைத் துப்பிவிட்டுச் சிரிப்பது தெளிவாகத் தெரிந்தது.

வளையைப் பார்த்தாள். அடிமட்ட விலை.

பின்னால் வந்தவர்கள் வழிவிடச் சொன்னார்கள். அவள் கொஞ்சம் ஒதுங்கி, பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, விலை ஏறுமா என்று பார்த்தபடி நின்றாள்.